சடுகுடுவும் சட்டப் புத்தகமும்

விதிமாற்றம் சடுகுடுவைக் கெடுத்துவிட்டது என்பார் பலர். வரலாறு வேறு சொல்கிறது. ஊருக்கு ஊர் வேறாக ஆடப்பட்ட இந்த ஆட்டத்துக்கு 1923இல் பரோடாவில் பொதுவிதிகள் அச்சாயின. அந்த ஒழுங்கு வளர்ந்திராவிட்டால் 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடிக்கு இடமில்லை. நெல்லிக்குப்பத்து மாணவர் வெளிமாவட்டத்து அணியோடு ஒரே விதியில் மோதவும் வழியில்லை. பாடிச் செல்லும் பாட்டுகள் மங்கின என்ற குறை உண்மைதான், அது பெரிய இழப்பு. ஆனால் 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக்கின் 30 வினாடி ரெய்டு மூச்சுப் பயிற்சியை வீணாக்கியது என்பதை ஏற்க முடியாது: விடாமல் ‘கபடி’ சொல்லும் கட்டாயம் இன்றும் நீடிக்கிறது. மாறியது உத்தி. ஓர் அணியின் இரண்டு ரெய்டு தொடர்ந்து வெறுமையானால், மூன்றாவதில் புள்ளி எடுக்காதவர் வெளியேற வேண்டும். இதைப் போட்டிக் காலத்துக்கு முன்பே உடற்கல்வி ஆசிரியர் களத்தில் பழக்க வேண்டும். நடுவரின் விசில் கற்பிக்கும்படி விடக்கூடாது.