மாணவர் சேர்த்த நிரற்களஞ்சியம்

அறிவியல் வரலாற்றில் பெரும் பரிசு பெற்றோரின் பெயர்கள் நிலைத்து நிற்கின்றன. அவர்தம் ஆய்வுக்குத் துணையாக உழைத்த மாணவரின் பெயர்களோ பெரும்பாலும் பேசப்படுவதில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித ஆய்வுக்கூடத்தின் வரலாறு, அத்தகைய மாணவர் சிலரை நமக்கு அறிமுகப்படுத்துகிறது.

அவ்வாய்வுக்கூடத்தின் தலைவர் மாரிஸ் வில்க்ஸ். அவர் தலைமையில் உருவான 'எட்சாக்' என்னும் மின்னணுக் கணிப்பொறி, 1949 ஆம் ஆண்டு மே 6 ஆம் நாள் முதன்முதலாக இயங்கி, எண்களின் வர்க்கங்களைக் கணித்து அட்டவணையாகத் தந்தது. ஏறத்தாழ 3,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட பெரும்பொறி அது. ஆயினும், பொறி அமைந்தவுடன் பணி முடிந்துவிடவில்லை. ஆய்வாளரின் கணக்கைப் பொறி ஏற்கும் கட்டளை வரிசையாக, அதாவது நிரலாக, எழுதித் தருதல் வேண்டும். அக்கலையைக் கற்பிக்க அன்று பாடநூல் இல்லை; மாணவர் தாமே அதனைக் கண்டறிய வேண்டியிருந்தது.

டேவிட் வீலர் என்னும் ஆய்வு மாணவர், துளையிட்ட தாள் நாடாவைப் படித்துக் கட்டளைகளை நினைவகத்தில் ஏற்றும் தொடக்க நிரலை ஆக்கினார். அதன் முதல் வடிவம் 31 கட்டளைகளே கொண்டது. வர்க்கமூலம் காணுதல் போன்ற கணக்குகள் பல ஆய்வுகளுக்கும் பொதுவானவை. அவற்றை ஒவ்வொருவரும் புதிதாக எழுதினால் உழைப்பு வீணாகும், பிழையும் பெருகும். எனவே, ஒருமுறை எழுதிச் சோதித்த பகுதியைத் துணைநிரலாக வைத்து, வேண்டியபோது அழைத்து, அதன் வேலை முடிந்ததும் விட்ட இடத்திற்கே திரும்பும் வழியை வீலர் வகுத்தார். 1951 ஆம் ஆண்டளவில் இத்தகைய துணைநிரல்கள் 87 சேர்ந்திருந்தன. தேவைப்பட்டோர் அவற்றின் நாடாக்களைப் படியெடுத்துத் தம் நிரலோடு இணைத்துக்கொண்டனர். வில்க்ஸ், வீலர், மற்றோர் ஆய்வு மாணவரான ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் இம்முறையை விளக்கி அதே ஆண்டில் நூலொன்றும் வெளியிட்டனர்.

இவ்வுதவியின் அருமையை, அது கிட்டாத ஒரு வேளை உணர்த்துகிறது. 1951 இல் எட்சாக் மாற்றியமைப்பிற்காகப் பல திங்கள் நிறுத்தப்பட்டிருந்தது. நரம்பில் மின்துடிப்பு செல்லும் விதத்தை ஆராய்ந்த ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் கணக்கிடும் கருவியைக் கொண்டே தம் சமன்பாடுகளுக்கு விடை காண வேண்டியதாயிற்று. அதற்குப் பல வாரங்கள் கழிந்தன.

புரத ஆய்வாளர் ஜான் கெண்ட்ரூவுக்கோ பொறியின் துணை கிட்டியது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த ஆய்வு மாணவர் ஜான் பென்னெட், எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து படிகங்களின் உள்ளமைப்பைக் கணிக்கும் நிரல்களை அவருடன் சேர்ந்து ஆக்கினார். 1952 இல் இருவரும் அதுபற்றிக் கட்டுரை வெளியிட்டனர். தசையிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கெண்ட்ரூ குழுவினர் 1958 இல் வெளியிட்டபோது, கணக்கில் சேர்ந்த கதிர்ச்சிதறல் அளவுகள் ஏறத்தாழ 400. அடுத்து வந்த நுண்ணிய ஆய்வுக்கு அவை 10,000 அளவுக்கு உயர்ந்தன. 'எட்சாக் 2' என்னும் புதிய பொறி அதற்குப் பயன்பட்டது. மனிதக் கை மட்டும் செய்து முடிக்கக்கூடிய கணக்கன்று அது. 1962 இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு கெண்ட்ரூவுக்கும் மாக்ஸ் பெரூட்ஸுக்கும் கிடைத்தது.

எட்சாக் 1958 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஓய்வு பெற்றது. துணைநிரல்களைச் சேர்த்துவைத்துப் பலரும் எடுத்தாளும் வழக்கமோ இன்றும் உலகெங்கும் நிலவுகிறது. வீலர் எழுதியது தம் தேர்வோடு முடியும் பயிற்சியாக இருந்திருப்பின், அடுத்து வந்தவர் மீண்டும் முதற்படியிலிருந்தே ஏறியிருப்பார். தாம் கற்றதைப் பிழை நீக்கி, பிறர் எடுத்தாளும் வடிவில் வைத்துச் செல்லுதலும் கல்வியின் ஒரு பகுதியே என்பதை அம்மாணவர் செயலால் காட்டினர்.