ஒரு நாளுக்கு எத்தனை ஜோடி?

ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில், வாசல்படியில் உட்கார்ந்து ஷூவின் மேல்பகுதியான அப்பரைக் கையால் தைக்கும் பெண்களுக்கு நாள்கூலி கிடையாது. ஜோடிக்கு இவ்வளவு, அவ்வளவுதான். துளையிட்டு வரும் தோலில் ஊசியை நுழைத்து நூலை இழுத்து, மூக்குப் பகுதியில் சுருக்கம் ஒரே சீராக விழும்படி இறுக்க வேண்டும். இவர்கள் சட்டத்தின் கண்ணில் படவில்லை என்று சொல்வது வழக்கம். அது சரியல்ல. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தோல் பதனிடுதலையும் தோல்பொருள் உற்பத்தியையும் தன் அட்டவணையிலேயே வைத்திருந்தது. சரக்கை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்து கொடுப்பவரும் தொழிலாளியே என்றது. பீஸ் ரேட்டில் உழைப்பவருக்கும் நேரக் கணக்கில் ஓர் அடிக்கூலியை உறுதிசெய்ய வழி வைத்தது. அப்படியானால் விடுபட்டது ஆள் அல்ல, ஓர் எண்தான்: எத்தனை ஜோடி சேர்ந்தால் ஒரு நாள்?

கூலியை வயிற்றிலிருந்து கணக்கிடும் முறை நம்மிடம் இருக்கிறது. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகு, ஆண்டுக்கு 72 கெஜம் துணி என்று வகுத்தது. உணவின் அளவுக்கு, ஒரு காலத்தில் குன்னூர் சத்துணவு ஆய்வுக்கூடத்தை நடத்திய அய்க்ராய்டின் கணக்கை எடுத்துக்கொண்டது. பீஸ் ரேட்டோ கையிலிருந்து தொடங்குகிறது. இரண்டையும் முடிச்சுப் போட யாரும் முனையாததற்கு ஒரு வரலாறு உண்டு. பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த காலத்தில் சுண்ணாம்புத் தொட்டியும் ஆவாரம்பட்டை ஊறலும் தோல் பதனிடும் ஷாப்பின் சுவருக்குள்ளேயே இருந்தன. சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி 1973இல் அந்த ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்த பிறகே இந்தப் பகுதி ஷூ அப்பருக்கும் முழு ஷூவுக்கும் மெல்ல மெல்ல மாறியது. கைத்தையல் ஏஜென்ட் வழியாக வீடுகளுக்குப் போனது. வேலை சுவரைத் தாண்டியதும் மணிக்கணக்கு பார்க்க ஆளில்லை.

சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே முடிந்தபோது தைக்கிறார்கள், அதை நாளாக எப்படி அளப்பது என்று கேட்கலாம். டிசைனுக்கு டிசைன் நேரம் மாறும் என்பதும் உண்மைதான். ஆனால் ஃபாக்டரிக்குள் டிசைனுக்கு டிசைன் மணிக்கு இத்தனை என்று டார்கெட் வைக்கத் தெரிந்த தொழில் இது. அதே எண்ணைக் கூலிக்காகப் போடுவது மட்டும் ஏன் இயலாது? நடுத்தர வேகத்தில் தைப்பவர் எட்டு மணி நேரத்தில் முடிக்கும் ஜோடியால் நாள்கூலியை வகுத்தால் விலை வந்துவிடும். கை வேகமானவர் கூடுதலாகச் சம்பாதிப்பதையும் இது தடுக்காது. கூலி ஏறினால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்ற வாதம்தான் கனமானது. அதற்கும் சட்டத்தில் பதில் பழையதே: குறைந்தபட்சக் கூலியைக் கொடுக்காமலிருக்க முதலாளியின் சிரமம் ஒரு காரணமாகாது என்று 1961இலும், அதற்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று 1982இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. வகுக்கும்போது தையல் நேரத்தோடு ஏஜென்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தையும், ரிஜெக்ட் ஆகித் திரும்பிவரும் ஜோடியைப் பிரித்துத் தைக்கும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். இன்றைய ஜோடி விலையில் அந்த நேரத்துக்குக் காசு இல்லை.