திரும்ப எழுதுவதா? ஒரு வருடத்தின் விலை

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் எங்கள் படிப்பு வட்டத்துக்கு அழைப்புகள் அதிகம் வரும். ஐஐஎம் சேர்க்கைக்கான கேட் தேர்வின் முடிவு அந்தச் சமயத்தில்தான் வெளியாகிறது. வாழ்த்துச் சொல்ல வேண்டிய அழைப்புகள் சில. மீதி அத்தனையும் ஒரே கேள்வி: "அண்ணா, திரும்ப எழுதட்டுமா, விட்டுடட்டுமா?"

கடைசியாகக் கேட்டவர் கடலூர் பக்கத்துத் தம்பி ஒருவர். பொறியியல் முடித்துவிட்டு ஒரு வருடம் வீட்டில் இருந்து படித்தவர். அப்பா கட்டட வேலை, அம்மா நூறு நாள் வேலை. வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டோம். "அம்மா ஒண்ணும் சொல்லலண்ணா. தெருவுலதான் 'இன்னும் சும்மாதான் இருக்கானா'ன்னு கேக்குறாங்க" என்றார். நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. 'விடாமுயற்சி வெற்றி தரும், எழுது தம்பி' என்று சொல்ல கோச்சிங் சென்டர் போஸ்டர்கள் போதும். நம் மக்களுக்கும் போட்டித் தேர்வுக்கும் இடையே நூற்றி முப்பது ஆண்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதுதான் நியாயம்.

அந்தக் கணக்கு ஓர் எதிர்ப்பு மனுவில் இருந்து தொடங்குகிறது. இது பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களிலும் சிலருக்குச் சங்கடம். பிரிட்டிஷ் இந்தியாவின் சிவில் சர்வீஸ் பதவிகளுக்கு 1855 முதல் லண்டனில் போட்டித் தேர்வு நடந்தது. தேர்வை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்பது காங்கிரசின் பெரிய கோரிக்கை. 1893 ஜூன் மாதம் பிரிட்டிஷ் காமன்ஸ் சபை அதை ஆதரித்துத் தீர்மானமும் போட்டது. அப்போது சென்னையில் பறையர் மகாஜன சபையை நடத்திவந்த இரட்டைமலை சீனிவாசன், கூடாது என்றார். 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீள மனு ஒன்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குப் போனது.

இதை வைத்து அவரை வெள்ளைக்காரனுக்கு வால்பிடித்தவர் என்று எழுதியவர்கள் உண்டு. அவர் வாதத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத் திண்ணையில்கூட நம் பிள்ளைகளை ஏற்றாத ஒரு நாட்டில் 'எல்லோருக்கும் பொது' என்று ஒரு தேர்வு வைத்தால் அதில் தேறப்போவது யார்? ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் சாதிகள்தான். நம்மைத் தீண்டாதவர்களே நம்மை ஆளும் அதிகாரிகளாகவும் வந்து உட்காருவார்கள். வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கலாம், அதற்கு முந்தைய இருபது வருடங்கள் ஒன்றாக இல்லை என்பதுதான் அந்த 112 அடியின் சாரம். தேர்வின் விதிகள் ஆள்பவர்களின் வசதிக்கு வளையும் என்பதும் அப்போதே தெரிந்த விஷயம். 1878இல் சிவில் சர்வீஸ் தேர்வுக்கான வயது வரம்பை 21இலிருந்து 19 ஆகக் குறைத்தார்கள். கப்பல் ஏறி லண்டன் போய்ப் படிக்க வேண்டிய இந்தியப் பையனுக்கு முதல் முயற்சிக்கே வயது போதாமல் போனது. பிறகு இரண்டாவது முயற்சி எங்கே?

எத்தனை முறை எழுதலாம் என்பது அன்றிலிருந்தே அரசியல். யுபிஎஸ்சி தேர்வில் இன்று பொதுப் பிரிவுக்கு 6 முறை, பிற்படுத்தப்பட்டோருக்கு 9 முறை, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வயது வரம்பு முடியும் வரை எத்தனை முறையும் எழுதலாம். சலுகை என்று சிலர் முகம் சுளிப்பது இதைத்தான். கேட் தேர்வில் அந்தப் பேச்சே இல்லை. வயது வரம்பு கிடையாது, முயற்சிக்கு எண்ணிக்கை கிடையாது, யாரும் எத்தனை முறையும் எழுதலாம். பார்க்கச் சமத்துவம் போலத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கையை விதி வைக்காத இடத்தில் வீடு வைக்கிறது. வசதியான வீட்டுப் பையன் மூன்றாவது முறை எழுதினால் அதற்குப் பெயர் விடாமுயற்சி. நம் வீட்டுப் பிள்ளை இரண்டாவது முறை எழுதினால் 'வெட்டியா இருக்கான்'. கல்லூரி நண்பர்கள் வட்டத்தில் இன்னொன்றும் காதில் விழும்: 'கோட்டாவும் வேணும், ரெண்டாவது சான்ஸும் வேணுமா?'

இப்படிக் கேட்பவர்களுக்கு ஒருவரின் படிப்பை நினைவூட்ட வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியாவுக்குப் போனதும், 1916இல் லண்டன் போய் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் சேர்ந்ததும் எல்லோருக்கும் தெரியும். 1917இல் அந்தப் படிப்பு பாதியில் நின்றதை நாம் போகிற போக்கில் கடந்துவிடுகிறோம். உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. ஊர் திரும்பி பரோடாவில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். அப்போது அவருக்கு வயது 26. கப்பலில் தனியாக அனுப்பிய புத்தகங்கள், போரில் அந்தக் கப்பல் மூழ்கியதால் கடலுக்குப் போயின. கிளம்பும் முன் அவர் ஒரு காரியம் செய்தார். பேராசிரியர் எட்வின் கேனன் உதவியோடு, நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று பல்கலைக்கழகத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டார்.

அடுத்து நடந்தவை நமக்குத் தழும்பாகவே தெரிந்தவை. பரோடாவில் உயர்ந்த பதவி கிடைத்தது, தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் இருந்து தடிகளோடு வந்தவர்கள் வெளியேற்றினார்கள். மும்பை திரும்பினார். தனிப்பயிற்சி கொடுத்தார், கணக்கு எழுதினார். முதலீட்டு ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்றும் தொடங்கினார். மேலாண்மைப் படிப்புக்குப் போக நினைக்கும் தம்பி தங்கைகள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்த ஒருவர் பணத்தை எங்கே போடலாம் என்று சொல்கிறார், வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். சொல்பவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் நின்றுவிடுகிறார்கள். தொழில் படுத்துவிட்டது. ஆலோசனையில் பிழை இல்லை, சந்தைதான் சாதியைக் கேட்டது.

1918இல் மும்பை சைடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. அங்கேயும் ஆசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று சக ஆசிரியர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். அவர் அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும், நவல் பதேனா என்ற பார்சி நண்பர் கொடுத்த கடனும் சேர்ந்தன. நான்கு ஆண்டுக் கெடு முடியும் முன், 1920இல், மறுபடியும் லண்டன் போனார். 1921இல் எம்.எஸ்சி. அதன் பிறகு சமர்ப்பித்த டி.எஸ்சி. ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் அப்படியே ஏற்கவில்லை, திருத்திக் கொடுக்கச் சொன்னார்கள். திருத்தி மறுபடி கொடுத்து 1923இல் பட்டம் பெற்றார். ரூபாயின் பிரச்சினை பற்றிய அந்த ஆய்வேடு அதே ஆண்டு லண்டனில் நூலாகவும் வந்தது.

ஆக, அண்ணல் திரும்பப் போனவர், திரும்பச் சமர்ப்பித்தவர். ஆனால் இதிலிருந்து 'அவரே செய்தார், நீயும் செய்' என்று எளிதாகச் சொல்லிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளைக் கவனியுங்கள். அவர் வீட்டில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. வேலை பார்த்தார், பணம் சேர்த்தார், 1920 ஜனவரியில் 'மூக்நாயக்' பத்திரிகையும் தொடங்கினார். இரண்டாவது முறை எதற்காகப் போகிறோம், எத்தனை நாளில் முடிக்க வேண்டும், பணம் எங்கிருந்து வரும் என்ற மூன்றும் அவரிடம் எழுதப்படாத ஒப்பந்தமாக இருந்தன. அந்த ஆண்டுகளின் விலையை அவர் ஒருவர் மட்டும் கொடுக்கவும் இல்லை. மும்பையில் வறுமையோடு குடும்பத்தைத் தாங்கிய ரமாபாய் அம்மையாரும் கொடுத்தார். நம் மேடைகளில் டி.எஸ்சி. பட்டத்தைச் சொல்லும்போது அந்தப் பெயர் கூடவே வருவதில்லை என்பது எங்கள் நெடுநாள் குறை.

இனி இன்றைக்கு வருவோம். கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் முதல் இரண்டு ஐஐஎம்கள் 1961இல் தொடங்கின. திருச்சிக்கு 2011இல் வந்தது. பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு இடம். பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காடு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்து, உச்ச நீதிமன்றத்தில் தடைபட்டு, 2008 ஏப்ரல் தீர்ப்புக்குப் பிறகே நடைமுறைக்கு வந்தது. (கிறித்தவர்களான நம் உறவுகளுக்கு அந்த 15இல் பங்கில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இன்னும் அப்படியே நிற்கிறது. ஒரே தெரு, ஒரே வசவு, விண்ணப்பத்தில் மட்டும் வேறு கட்டம்.) மாணவர் சேர்க்கையில் இடஒதுக்கீட்டை ஏற்ற அதே நிறுவனங்கள், ஆசிரியர் நியமனத்துக்கான 2019 சட்டம் வந்தபோது தங்களுக்கு விலக்குக் கேட்டன. படித்து முடித்து வேலைக்கு எடுக்க வரும் தனியார் கம்பெனிகளுக்கோ எந்த ஒதுக்கீடும் கிடையாது. அண்ணலின் முதலீட்டு ஆலோசனைத் தொழில் படுத்த இடம் இதுதான். இது தெரிந்தே உள்ளே போக வேண்டும். போகவே கூடாது என்று சொல்லும் தோழர்களும் நம்மிடையே உண்டு. கார்ப்பரேட்டுக்கு ஆள் சேர்க்கவா இயக்கம் நடத்துகிறோம் என்பார்கள். பணம் எங்கே முடிவாகிறதோ அந்த அறையில் நம் ஆட்கள் இல்லாமல் போனது யாருக்கு வசதி என்பதுதான் அவர்களுக்கு எங்கள் பதில் கேள்வி.

சரி, எழுதுவதா வேண்டாமா? எது தடுத்தது என்று முதலில் பாருங்கள். கேட் தேர்வில் ஆங்கில வாசிப்பு, தரவு அலசல், கணக்கு என மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். மொத்த மதிப்பெண் நன்றாக இருந்தும் ஒரு பகுதியில் மட்டும் குறைந்தபட்ச அளவைத் தொடாமல் வெளியே நிற்பவர்கள் நம்மில் அதிகம், பெரும்பாலும் அது ஆங்கிலப் பகுதிதான். யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுத 1979இலேயே வழி வந்துவிட்டது. கேட் இன்றும் ஆங்கிலத்தில் மட்டும். இந்தத் தடை ஒரு வருடத்தில் நகரக்கூடியது. தினமும் ஆங்கிலக் கட்டுரைகள் படித்து மேலே வந்தவர்களை நாங்களே பார்த்திருக்கிறோம். இப்படி ஒரு குறிப்பான காரணம் இருந்தால் திரும்ப எழுதுங்கள்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் தடுத்தது என்றால் கதை வேறு. பல ஐஐஎம்கள் அதையும் கணக்கில் சேர்க்கின்றன. கேட்டை எத்தனை முறை எழுதினாலும் அந்தப் பழைய மார்க் ஷீட் மாறாது. அதை மட்டும் வைத்து ஒரு வருடத்தைக் கொடுக்காதீர்கள், அந்த எடையைக் குறைவாக வைக்கும் நிறுவனங்களைத் தேடுங்கள். நேர்முகத்தில் போனது என்றால் தேவை நேர்முகப் பயிற்சி. ஆனாலும் ஒரு கேட் மதிப்பெண் அந்த ஒரு சேர்க்கைக்குத்தான் செல்லும் என்பதால் தேர்வையும் மறுபடி எழுதித்தான் ஆக வேண்டும்.

கையில் புதிய ஐஐஎம் ஒன்றின் இடம் இருக்கிறது, பழைய பெரிய ஐஐஎம்தான் வேண்டும் என்பதற்காக விடலாமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் கறாரானது: போய்ச் சேருங்கள். அடுத்த முறை கூடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பர்சன்டைல் என்பது உங்கள் அறிவின் அளவு அல்ல, அந்த வருடம் எழுதியவர்களில் உங்களுக்குப் பின்னால் எத்தனை பேர் என்ற வரிசை. கட்டணத்துக்குப் பயந்து இடத்தை விடுபவர்களும் இருக்கிறார்கள். பெரிய ஐஐஎம்களில் அது இருபது லட்சத்தைத் தாண்டும்தான். ஆனால் ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்கு உட்பட்ட பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு 'டாப் கிளாஸ்' என்ற மத்திய உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது, கல்விக் கட்டணத்தை அது ஏற்கிறது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு, அதனால் முதல் நாளே கேட்க வேண்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள். வைசிராய் நிர்வாக சபையில் அண்ணல் இருந்த காலத்தில், 1944இல், தீண்டப்படாத மாணவர்களுக்கென்று தொடங்கிய உதவித்தொகையின் வழி வந்தது இது.

கடலூர்த் தம்பியின் மதிப்பெண் பட்டியலை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தோம். கணக்கு நன்றாகவே இருந்தது, ஆங்கிலம் மட்டும் கீழே. திரும்ப எழுதலாம், ஆனால் சும்மா இருந்து அல்ல என்று முடிவானது. பல ஐஐஎம்களில் வேலை அனுபவத்துக்கும் மதிப்பெண் உண்டு. இப்போது சென்னையில் ஒரு கிடங்கில் கணக்குப் பார்க்கும் வேலைக்குப் போகிறார். காலை மின்சார ரயிலில் ஆங்கிலக் கட்டுரை இரண்டு, இரவில் எங்களோடு அரைமணி நேரம் அதைப் பற்றிப் பேச்சு. ஆகஸ்டில் பதிவு தொடங்கும். சாதிச் சான்றை அப்போதே பதிவேற்ற வேண்டும், அவருடையதில் அப்பா பெயரில் ஓர் எழுத்து தவறாக இருக்கிறது, தாலுகா ஆபீசுக்கு இரண்டு முறை நடந்தாகிவிட்டது. 2025இல் நம் பிரிவுக்குக் கட்டணம் 1,300 ரூபாய். போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா அதை எடுத்துக் கொடுத்தாராம். "சம்பளம் வருதேம்மா, நானே கட்டிக்கிறேன்"னு சொல்லியும் கேட்கவில்லையாம்.