வேலியோரக் கீரையின் வரலாறு



இன்று நாம் பேசப்போவது ஒரு கீரையைப் பற்றி. மலாய்க்காரர்கள் இதைச் சேக்கூர் மானிஸ் என்பார்கள். சீனர்கள் மானி சாய் என்று சொல்லிப் பான் மீ கிண்ணத்தில் போடுவார்கள். இந்தோனேசியாவில் இதற்குக் காத்தூக் என்று பெயர். தமிழ்நாட்டில் தவசிக்கீரை என்பாரும் உண்டு, சக்கரமுனிக் கீரை என்பாரும் உண்டு. கேரளத்துக்காரர்களோ மலாய்ப் பெயரையே எடுத்துக்கொண்டு செக்கூர்மானிஸ் என்கிறார்கள். கீரையோடு பெயரும் கப்பலேறிப் போயிருக்கிறது!

இதைப் பயிர்செய்யப் பெரிய பாடு எதுவும் வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் வேலியோரத்தில் ஒரு குச்சியை ஒடித்து ஊன்றினால் தழைத்துக்கொள்ளும். கொய்யக் கொய்யத் துளிர்க்கும். இலையை உருவிக் கையால் கசக்கி, முட்டையை உடைத்து ஊற்றிப் பிரட்டலாம். மலாய் வீடுகளில் தேங்காய்ப்பாலில் கொதிக்க வைப்பார்கள். புரதமும் வைட்டமின் சத்துகளும் நிறைந்த இலை இது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று இந்தோனேசியத் தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாக இதைச் சமைத்துக் கொடுத்து வந்திருக்கிறார்கள்.

இவ்வளவு நல்ல கீரையால் ஒரு நாட்டில் மனிதர்கள் மூச்சுவிட முடியாமல் போனார்கள் என்றால் நம்புவீர்களா? ஆனால் அது நடந்த செய்தி. நடந்த இடம் தைவான்.

1990களின் நடுப்பகுதியில் இந்தக் கீரை தைவானுக்குப் புதிது. அது உடம்பை இளைக்க வைக்கும் என்ற பேச்சு அங்கே எப்படியோ பரவிவிட்டது. 'இளைக்க வைக்கும் கீரை' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பெண்கள் அதை வேகவைக்கவில்லை. பச்சையாக அரைத்துப் பிழிந்து, கொய்யாப்பழச் சாறோ அன்னாசிச் சாறோ கலந்து, தினந்தோறும் குடித்தார்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 கிராம் பச்சை இலை. சிலர் இரண்டு வாரம் குடித்தார்கள், சிலர் ஏழு மாதம் வரையில் விடாமல் குடித்தார்கள்.

1995ஆம் ஆண்டில் மருத்துவமனைகளுக்கு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். விடாத இருமல். நாலு படி ஏறினால் மூச்சிரைப்பு. அதற்கு முன் நன்றாக இருந்த இளம்பெண்களும் நடுத்தர வயதுப் பெண்களும்தான் பெரும்பாலோர். ஆஸ்துமா என்று நினைத்துக் கொடுத்த மருந்து கேட்கவில்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று துருவிக் கேட்டபோது எல்லாரும் சொன்ன பதில் ஒன்றுதான்: அந்தக் கீரைச் சாறு. இவர்களில் 23 பெண்களின் நிலையை ஆராய்ந்த தைவான் மருத்துவர்கள், 1996இல் 'லேன்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் அதை எழுதினார்கள். நோய்ப்பட்டவர்களின் தொகை பிறகு இருநூறையும் தாண்டியது. உயிரிழந்தவர்களும் உண்டு.

நுரையீரலுக்குள் என்ன நடந்தது? நாம் இழுக்கும் காற்று பெரிய குழாயிலிருந்து சிறு சிறு குழாய்களாகப் பிரிந்து உள்ளே போகிறது. கடைசியில் இருக்கும் குழாய்கள் ஈர்க்குச்சியைவிட மெல்லியவை. அவற்றின் சுவர் புண்பட்டு, தழும்பேறி, சுருங்கி அடைபட்டுப் போயிற்று. காலில் பட்ட காயம் ஆறினாலும் தழும்பு நிற்கிறதல்லவா? அதே தழும்பு மூச்சுக் குழாய்க்குள் விழுந்தால் காற்று போக வழி இல்லை. சாற்றை நிறுத்திய பிறகும் பலருக்கு அடைப்பு நீங்கவில்லை. சிலருக்கு நுரையீரலையே மாற்றி வைக்க வேண்டியதாயிற்று. சாற்றை எவ்வளவு அதிகமாகக் குடித்தார்களோ அவ்வளவுக்கு நுரையீரல் கெட்டிருந்தது என்பதை 1998இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு காட்டியது.

இலையில் உள்ள எந்தப் பொருள் இதைச் செய்தது என்று விஞ்ஞானிகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நம் நாட்டுக் கீரையையே எடுத்து 1970களில் சோதித்த ஆய்வாளர்கள், பப்பாவரின் என்னும் மருந்துப்பொருள் அதில் இருப்பதாக எழுதினார்கள். ஆனாலும் நுரையீரலைக் கெடுத்தது அதுதான் என்று நிரூபணமாகவில்லை.

அப்படியானால் காலங்காலமாக இதைச் சாப்பிட்டு வரும் நமக்கு ஏன் இந்தக் கதி வரவில்லை? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள வீட்டில் வாரத்துக்கு ஒரு நாள் அரைக் கிலோ கீரை சமைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 100 கிராம். மாதத்துக்கு 400 கிராம். அதுவும் அடுப்பில் வெந்து, சோற்றோடு கலந்து போகிறது. தைவான் பெண்மணி ஒருத்தி 30 நாளில் குடித்தது நாலரைக் கிலோ, அதுவும் பச்சையாக. ஏழு மாதம் குடித்தவள் முப்பது கிலோவுக்கு மேல் உள்ளே தள்ளியிருக்கிறாள். ஒரே செடி, ஒரே இலைதான். கறிச்சட்டியில் இருந்தபோது அது உணவு. அரைத்துப் பிழிந்து நாள் தவறாமல் குடித்தபோது அது மருந்து ஆகிவிட்டது; அதுவும் அளவு கட்டாத மருந்து.

மருந்துக்கு அளவு என்பது தோட்டத்து மக்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் ஆட்களைக் கொண்டுபோன காலத்தில் கைகொடுத்தது கொயினா. அதுவும் மரத்திலிருந்து வந்ததுதான், தென் அமெரிக்காவின் சிங்கோனா மரப்பட்டை. முன்பெல்லாம் பட்டையைப் பொடித்துத்தான் கொடுத்தார்கள். ஒரு மரத்துப் பட்டையில் சத்து அதிகம், இன்னொன்றில் குறைவு. கொடுப்பவருக்கே அளவு தெரியாது. 1820இல் பெல்லத்தியே, கவந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் பட்டையிலிருந்து கொயினாவைத் தனியே பிரித்தெடுத்த பிறகுதான் இத்தனை குன்றிமணி எடை என்று நிறுத்துக் கொடுக்க முடிந்தது. அப்படியும் அளவு மீறினால் காதுக்குள் வண்டு இரையும், தலை சுற்றும், கண் மங்கும். கசப்பு மருந்தானதால் யாரும் ஆசைப்பட்டுக் கூடுதலாகக் கேட்கவில்லை, அது ஒரு நல்ல காலம்!

கீரைக்கு அந்தக் காவல் இல்லை. அது கசப்பதில்லை, காசும் கேட்பதில்லை. 'பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?' என்று நாமே நமக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். என்னைக் கேட்டால், அந்தச் 'தானே' என்ற சொல்லில்தான் தைவானின் துயரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கதை தைவானோடு நிற்கவில்லை. ஜப்பானில் இதே இலையைக் காயவைத்துப் பொடியாகவும் மாத்திரையாகவும் சத்துப்பொருள் என்று விற்றார்கள். அங்கும் அதே மூச்சடைப்பு நோய் தலைகாட்டியது. 2003ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்நாட்டு அரசு பொடி, மாத்திரை விற்பனையைத் தடை செய்தது. காய்கறியாக வாங்கிச் சமைப்பதைத் தடுக்கவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். பச்சை இலையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் நீர்தான். காய்ந்தபின் எஞ்சுவது கொஞ்சம். ஆகவே ஒரு கரண்டிப் பொடிக்குள் நாலு கரண்டிக்கு மேற்பட்ட இலை ஒளிந்திருக்கிறது. கண்ணுக்கு அது தெரிவதில்லை.

மலேசியாவில் பாரம்பரிய மருந்துகளையும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு 1992இல் தொடங்கியது. பதிவான பொருளின் பெட்டியில் 'எம்ஏஎல்' என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருக்கும். பாரம்பரிய மருந்தானால் கடைசியில் 'டி' என்ற எழுத்து வரும். வாங்கும்போது அதைப் பாருங்கள். ஆனால் வீட்டில் அரைக்கும் சாற்றுக்கு எந்த எண்ணும் கிடையாது. இத்தனை கரண்டிக்கு மேல் வேண்டாம் என்று எழுதிய சீட்டும் அதன்மேல் ஒட்டியிருப்பதில்லை.

எனவே தாய்மார்களே, வேலியோரத்துச் செடியை வெட்டிப் போட வேண்டாம். கறிக்குப் பறியுங்கள், நன்றாக வேகவைத்து எல்லாரும் பங்கிட்டுச் சாப்பிடுங்கள், மறுநாள் வேறு கீரை சமையுங்கள். இளைப்பதற்கென்றோ சர்க்கரை நோய்க்கென்றோ பச்சைச் சாறாகத் தினமும் குடிக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வீட்டில் யாராவது ஏற்கெனவே இப்படி ஏதாவது பச்சிலைச் சாறோ பொடியோ எடுத்துக்கொண்டு, இருமலும் மூச்சிரைப்பும் கண்டால், அதை அன்றைக்கே நிறுத்திவிட்டுக் கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். பொடியின் பொட்டலத்தையும், சாறு என்றால் அந்த இலையில் ஒரு கொத்தையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். எத்தனை நாளாக, எவ்வளவு என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.