எழினி இழுத்த கை: தமிழ் அரங்கப் பொறிகளும் அவற்றின் கட்டுப்பாடும்

முன்னுரை

காரைக்காலை அடுத்த தருமபுரத்து இறைவனின் பெயர் யாழ்மூரிநாதர். திருஞானசம்பந்தர் இவ்வூரில் பாடிய பதிகம் தம் யாழுக்குள் அடங்காதது கண்டு, திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே முறிக்க ஓங்கினார். சம்பந்தர் அதைத் தடுத்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. கலைக்கு முன் கருவியின் எல்லையை ஒரு கலைஞர் அறிந்த இடம் இது. அரங்கப் பொறிகளைப் பற்றி எண்ணும்போதும் இந்த அறிவே முதலில் வேண்டும். திரையையும் காட்சித் தட்டியையும் நகர்த்தும் வேலை கையிலிருந்து கணினிக்குச் சென்ற வழியையும், அவ்வழியில் மனிதன் விட்டுவிடக் கூடாத பொறுப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மூவகை எழினி

தமிழ் மேடையின் பொறியியலுக்கு நமக்குக் கிடைக்கும் பழஞ்சான்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. மாதவி ஆடிய அரங்கு 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் உடையது. மேடைப் பலகைக்கும் மேலுள்ள உத்தரத்துக்கும் இடைவெளி 4 கோல். அங்கு எழினி எனப்படும் திரை மூவகைப்பட்டது. ஒருமுக எழினி ஒரு பக்கத்திலிருந்து உருவி இழுக்கப்படுவது. பொருமுக எழினி இருபுறமிருந்தும் வந்து பொருந்துவது. கரந்துவரல் எழினியை மேற்கட்டுத் திரை என்பர் உரைகாரர்கள். பக்கவாட்டு நகர்வு, எதிரெதிர் நகர்வு, மேலிருந்து இறக்கம் என இன்றைய அரங்குகள் மோட்டார் கொண்டு செய்யும் அசைவுகளின் அடிப்படை வகைகள் இவற்றிலேயே உள்ளன.

கம்பெனிக் காலம்

பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வண்ணப் படுதாக்கள் தமிழ் மேடைக்கு வந்தன. சி. கன்னையா கம்பெனியின் ‘தசாவதாரம்’, நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபை, 1954இல் தொடங்கிய ஆர். எஸ். மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் ஆகியவை காட்சியமைப்புக்கும் தந்திரக் காட்சிகளுக்கும் பெயர் பெற்றன.

சுருட்டுப் படுதா ஒன்றை அருகில் நின்று பார்த்தால் இத்தொழிலின் நுட்பம் விளங்கும். துணியின் அடியில் ஓர் உருளைக் கட்டை. அதன் இரு முனைகளிலும் சுற்றிய கயிறுகள் மேலே கப்பிகள் வழியாக ஓரத்துக்கு வரும். ஒரு கயிறு நான்கு விரற்கடை முந்தினால் கட்டை சாயும், துணி சுருங்கும். இழுப்பவரின் உள்ளங்கை பாரத்தை அறிந்தது. கண் நடிகர் நிற்குமிடத்தை அறிந்தது. காது விசிலுக்காகக் காத்திருந்தது. ஒத்திசைவு, நினைவு, நிறுத்தம் ஆகிய மூன்றும் ஒரே மனிதரிடம் இருந்தன.

பிற நாடுகளில்

ஸ்வீடனின் ட்ரொட்னிங்ஹோம் அரங்கில் (1766) ஒரே சுழல் உருளையைப் பலர் சேர்ந்து திருப்ப, பக்கத் தட்டிகள் எல்லாம் ஒன்றாக மாறும். ஜப்பானில் 1758இல் நமிகி ஷோசோ அமைத்த சுழல்மேடையும் ஆள்பலத்தால் சுழன்றது. 1896இல் மியூனிக்கில் கார்ல் லாவுட்டன்ஷ்லேகர் சுழல்மேடையை மின்சாரத்தால் இயக்கினார். பின்னர் வந்த கணினி, நூற்றுக்கணக்கான அசைவுகளை வரிசையாக நினைவில் கொண்டு, அழைத்தவுடன் நிகழ்த்தியது.

தேர்வும் இயக்கமும்

இன்றைய கட்டுப்பாட்டு முறையில் ஒவ்வொரு மோட்டாரின் நிலையையும் என்கோடர் அளக்கிறது. பாரத்தை லோடு செல் அறிகிறது. எல்லை கடந்தால் லிமிட் சுவிட்ச் நிறுத்துகிறது. ஒரே தட்டியைத் தூக்கும் மோட்டார்களில் ஒன்று பின்தங்கினால் அந்தக் குழு முழுவதும் நிற்க வேண்டும். அன்று உருளைக் கட்டை சாய்வதைக் கண்டு கை நின்றதற்கு இது நிகர்.

எனவே ஒரு முறையைத் தேர்வோர் முதலில் கேட்க வேண்டியது, ஆட்களின் தலைக்கு மேல் எவ்வளவு பாரம் நகரும் என்பதுதான். 2020இல் வெளியான ஐரோப்பியத் தரநிலை இ.என். 17206 இந்த இடர் மதிப்பீட்டையே அடிப்படையாகக் கொள்கிறது. பாரம் தூக்கும் பொறிக்கு இரண்டு பிரேக்குகள் வைப்பது வழக்கம். மின்சாரம் போனால் அவை ஸ்பிரிங் விசையால் தாமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவசர நிறுத்தச் சுற்று, காட்சி வரிசையை நடத்தும் மென்பொருளை நம்பி இருக்கக் கூடாது. காரைக்கால் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று கம்பி வடத்தையும் மின் இணைப்புகளையும் அரிக்கும். பழுது பார்க்க ஆளும் உதிரிப் பாகமும் அருகில் கிடைக்குமா என்பது, கணினித் திரையில் தெரியும் வசதிகளைவிடப் பெரிய கேள்வி.

இயக்கத்தில் முதல் விதி, நகரும் பொருளைக் காணாமல் நகர்த்தக் கூடாது என்பது. இயக்குபவர் விரலை எடுத்தவுடன் அசைவு நிற்கும் பொத்தான் இதற்காகவே உள்ளது. பார்வைக்கு எட்டாத மூலையில் இன்னொருவர் நின்று, நிறுத்தும் அதிகாரத்தோடு கவனிக்க வேண்டும்.

முடிவுரை

ஒத்திசைவையும் நினைவையும் கணினியிடம் ஒப்படைத்ததால் மேடை வளம் பெற்றது. நிறுத்தத்தையும் பொறி செய்யலாம். ஆனால் நிறுத்தும் உரிமை மனிதரிடமிருந்து ஒருபோதும் போகக் கூடாது. புதிதாக அரங்கு கட்டுவோர் பொறிக்கு ஒதுக்கும் அதே அக்கறையை, அதை இயக்குபவரின் பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும். படுதாக் கயிறு இழுத்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் நாடக நோட்டீசில் வந்ததில்லை. அவர்களின் பணியைத் தொடர்பவர்களின் பெயர்களாவது இனி வரட்டும்.