ஏறு நெத்தியும் கூடைக் கயிறும்

ஏறு நெத்திக்கு முடி நடலாமா? டிக்கோயாவில எங்க வயசுக்காரங்களும் இப்ப இதை யோசிக்கிறாங்க. முடிவெடுக்க முன்னம் கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

1867இல் லூல்கந்துரயில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். கோப்பி நோயில் அழிய, மலையெல்லாம் தேயிலையானது. கொழுந்துக் கூடையின் கயிறு பெண்களின் தலையில் ஏறியது. அந்தக் கயிறு பட்ட இடத்தில் அம்மாயிமாருக்கு முடி தேய்ந்திருந்ததைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். இறுக்கிக் கட்டிய கொண்டையால் கிரீன்லாந்துப் பெண்களுக்கு முடி போனதை மருத்துவம் 1907இலேயே எழுதி வைத்தது. காரணம் ஒன்றுதான்: ஓயாத இழுவை.

முடி நடுகையின் கதை வேறு. 1939இல் ஜப்பானில் ஒகுடா, தழும்புகளில் முடியை நட்டுக் காட்டினார். 1952இல் நியூயோர்க்கில் ஓரென்ட்ரைச் வழுக்கைக்குச் செய்தார். பின்மண்டை முடி முன்னுக்கு வந்தாலும் தன் குணத்தோடயே வளரும். ஆனால் புது முடி பிறப்பதில்லை, இடம்தான் மாறுது. எடுக்கக்கூடிய முடியும் அளவானது.

பரம்பரையாக வந்த ஏறு நெத்தி நோயில்லை. நடுவதும் விடுவதும் அவரவர் விருப்பம். இழுபட்டுப் போன முடியென்றால் முதலில் இழுவை நிற்கணும். நேரத்தோட நின்றால் முடி தானாகவே திரும்பலாம். நிற்காவிட்டால் நட்டதும் போகும்.

நாட்சம்பளம் 1000 ரூபாயானதே 2021இல்தான். அந்தச் சம்பளக்காரிக்குச் சத்திரசிகிச்சையை விட, தோளில் மாட்டும் கூடைதான் முதலில் வேணும்.