கல்லும் சொல்லும்: வட்டுக்கோட்டை வீதியில் ஒரு துவிச்சக்கரவண்டிப் பயணம்



துவிச்சக்கரவண்டிக்கும் வானொலிக்கும் என்ன தொடர்பு என்று உங்களிற் சிலர் கேட்கலாம். 1990களில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்கள் கேட்கமாட்டார்கள். 1990ஆம் ஆண்டு குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரி கிடைப்பதும் அரிதாயிற்று. அப்பொழுது முற்றத்திலே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். எங்கள் வீட்டிற் சுற்றும் பொறுப்பு எனக்கு. என் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். "சுத்தடா தம்பி, சுத்து" என்று அப்பா அதட்டுவார். இலக்கிய நிகழ்ச்சிகளை நான் முதன்முதலிற் கேட்டது அப்படித்தான். எனவே இன்று இந்த நிகழ்ச்சியில் ஒரு சைக்கிள் பயணத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமே எனக் கருதுகிறேன்.

அண்மையில் ஒரு சனிக்கிழமை, உயர்தர வகுப்பு மாணவர் நால்வரை அழைத்துக்கொண்டு வண்ணார்பண்ணையிலிருந்து வட்டுக்கோட்டை வரை சைக்கிளிற் போய்வந்தேன். தமிழ் இலக்கிய வரலாற்றிலே ஐரோப்பியர் காலத்தைப் படிப்பிக்க வேண்டியிருந்தது. பாடநூலில் அது பெயர்களும் ஆண்டுகளுமாகவே கிடக்கிறது. அந்தப் பெயர்கள் நடமாடிய மண்ணோ எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலச் சைக்கிள் ஓட்டத்தில் இருக்கிறது. பஸ்ஸிற் போனால் ஊர்கள் ஓடி மறையும். சைக்கிளிற் போனால் ஒவ்வோர் ஊரும் நம்மோடு சற்று நேரம் கூட வரும்.

முதலிற் கோட்டைக்குப் போனோம். போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை, 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோண வடிவிலே திருத்திக் கட்டினர். அதனுள்ளே 1706இல் சிலுவை வடிவான பெரிய தேவாலயம் ஒன்றை எழுப்பினர். 1990இல் நடந்த கோட்டைச் சண்டையில் அது தகர்ந்தது. இன்று அங்கே இருப்பது கற்குவியலே. மாணவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார்கள்.

அவர்களில் ஒருவன் கெட்டிக்காரன், கொஞ்சம் கோபக்காரன். அவன் கேட்டான்: "சேர், நல்லூர்க் கோயிலை இடிச்ச கல்லும் இதுக்குள்ளதானே கிடக்குது?"

கேள்வி நியாயமானது. 1619இல் சங்கிலி மன்னன் தோற்றபின் போர்த்துக்கேயர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர் என்பதும், அதன் கற்கள் கோட்டைக்குப் போயின என்பதும் யாழ்ப்பாண வரலாற்றை எழுதியோர் பலரும் குறிப்பிடும் செய்தி. "ஓம்" என்றேன். அதற்கு மேல் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

ஓட்டுமடம் கடந்து ஆனைக்கோட்டைக்கு வந்தோம். நல்லெண்ணெய்க்குப் பெயர்போன ஊர் இது. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் இங்கே அகழ்ந்தபோது, பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றிலிருந்து பிராமி எழுத்துப் பொறித்த சிறிய முத்திரையொன்று கிடைத்தது. கோட்டைக்கும் கோயிலுக்கும் முந்திய மனிதர் இந்த மண்ணில் எழுத்தறிந்து வாழ்ந்தனர் என்பதற்கு அது சான்று. வரலாறு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று எண்ணிப்பார்க்க நல்ல இடம்.

அடுத்தது மானிப்பாய். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, இவ்வூரில் மருத்துவமனை நடத்தினார். 1864 தொடக்கம் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' ஆகிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்ல முடியுமா என்று பிற்காலத்தில் நாம் மேடை போட்டு விவாதித்தோம். அந்த மனிதர் விவாதிக்கவில்லை, செய்து காட்டினார். யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் வழங்கும் அகராதி 1842இல் வெளிவந்தது. 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையும் அந்த மிஷன் வட்டத்தவரே. 1886இல் வெளிவந்த அந்நூல் தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தேடுவோருக்கு இன்றும் கைவிளக்கு.

மானிப்பாய் வீதியிலிருந்து சற்று விலகி நவாலிக்குள் இறங்கினோம். ஆடிப்பிறப்பை நமது குழந்தைகளின் வாயிற் பாட்டாக்கிய சோமசுந்தரப் புலவரின் ஊர் இது. கூழும் கொழுக்கட்டையும் நினைவுக்கு வரவேண்டிய ஊர். ஆனால் அங்குள்ள சென். பீற்றர்ஸ் தேவாலயத்தின் முன் சைக்கிளை நிறுத்தும்போது வேறொன்று நினைவுக்கு வருகிறது. 1995 ஜூலை 9ஆம் திகதி, படை நடவடிக்கைக்கு அஞ்சி வலிகாமம் மேற்கிலிருந்து ஓடிவந்த மக்கள் இத்தேவாலயத்திலும் அருகிலுள்ள கதிர்காம முருகன் கோயிலிலும் தங்கியிருந்தனர். அவ்விடத்தில் விமானத்திலிருந்து குண்டுகள் வீசப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆடிப்பிறப்புக்கு ஒரு வாரமே இருந்தது.

அவ்வாண்டு எனக்குப் பதினைந்து வயது. அக்டோபர் 30ஆம் திகதி நாங்களும் இடம்பெயர்ந்தோம். சைக்கிள் கரியரில் அரிசி மூட்டை, பாரிலே தங்கை, ஹாண்டிலில் வாளி. நாவற்குழிப் பாலத்தில் உழக்க இடமில்லை, தள்ளிக்கொண்டே நடந்தோம். தென்மராட்சியில் ஒரு தேவாலய மண்டபத்திற் பதினொரு நாட்கள் தங்கினோம். அதுவரை நான் தேவாலயம் ஒன்றின் படியேறியதில்லை. சைவ வீட்டுப் பிள்ளை. ஏறக்கூடாது என்று யாரும் சொல்லவுமில்லை, ஏறவேண்டி வரவுமில்லை. முதலாம் நாள் அம்மா திருநீற்றை எடுத்தபோது ஒருகணம் தயங்கினார். மண்டபத்தைப் பார்த்துக்கொண்ட முதியவர் அதைக் கண்டு, "பூசுங்கோ பிள்ளை, இதுவும் அவற்றை வீடுதான்" என்றார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. இதை நான் மாணவர்களுக்குச் சொன்னபோது கோபக்காரப் பையன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சண்டிலிப்பாய் தாண்டிச் சங்கானைச் சந்தையில் வடையும் பிளேன்ரீயும். அதன்பின் பழைய தேவாலய இடிபாடு. கூரை இல்லை. முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த தடித்த சுவர்கள் மட்டும் வெயிலில் நிற்கின்றன. ஒல்லாந்தப் பாதிரியார் பிலிப்பஸ் பால்தேயு 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்திற் பணியாற்றி, 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட நூலில் இத்தகைய குடாநாட்டுத் தேவாலயங்களின் சித்திரங்கள் உள்ளன. தமிழ் எழுத்துகளையும் இலக்கணத்தையும் ஐரோப்பியருக்கு அறிமுகஞ்செய்த பகுதியும் அந்நூலில் உண்டு.

ஆனால் ஒல்லாந்தர் காலத் தேவாலயம் வழிபாட்டிடம் மாத்திரமன்று. அதன் அருகே பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலே தோம்பு. ஞானஸ்நானமும் விவாகமும் அதிற் பதியப்படவேண்டும். பதிவில்லாதவருக்கு முதுசச் சொத்துக்கு உரிமை கோருவதும் உத்தியோகம் பெறுவதும் கடினம். ஆகவே பெயரைத் தோம்பிலும் மனத்தைக் கோயிலிலும் வைத்துச் சனங்கள் வாழ்ந்தனர். விரத நாளில் உண்ட வாழையிலையை வெளியே எறியாமற் கூரைக்குட் செருகி மறைத்தார்கள் என்று என் பாட்டி சொல்லுவார். கூரையற்ற அந்தச் சுவரின் கீழ் இருந்து இதை மாணவருக்குச் சொன்னேன். சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

சித்தன்கேணி வழியாக வட்டுக்கோட்டை சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. போர்த்துக்கேயர் காலத்திற் தோன்றி, 1678இல் ஒல்லாந்தராற் புதுக்கப்பட்ட தேவாலயம் இங்கே இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார், பாழடைந்து கிடந்த இத்தகைய கட்டிடங்களையே ஆங்கில அரசிடமிருந்து பெற்றுக்கொண்டனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம், கணிதம், வானியல் எல்லாம் அங்கே படிப்பிக்கப்பட்டன. ஆங்கிலம் கூடி மதமாற்றம் குறைகிறதென்று மிஷன் மேலிடம் கருதியதால் 1855இல் அது மூடப்பட்டது.

மூடப்பட்ட அந்தச் செமினரியின் மாணவர் இருவர் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து பின்னர் சைவத்தைத் தழுவிய தாமோதரம்பிள்ளையே ஏடு தேடி அலைந்து, தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரையை 1868இலும், வீரசோழியத்தை 1881இலும், கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். நாவலரை எடுத்துக்கொள்ளுங்கள். பேர்சிவல் பாதிரியாருடன் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த அதே கைதான் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பள்ளிக்கூடத்தைத் தொடக்கியது. சைவத்தை வசனத்திலே எழுதியது. பிற்காலத்தில் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயராயிருந்த சபாபதி குலேந்திரன் தமிழ் வேதாகமத்தின் வரலாற்றைத் தமிழிலேயே எழுதினார். மதம் இரண்டாக இருந்தபோதும் தமிழை இரண்டாக வெட்ட முடியவில்லை.

தேவாலயத்தின் நிழலிலே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் மறுபடி கேட்டான்: "அப்ப சேர், நாங்கள் இவையளிலை கோபப்பட வேணுமோ, நன்றி சொல்ல வேணுமோ?"

பரீட்சை வினாவாக இருந்திருந்தால் புள்ளித் திட்டம் பார்த்திருப்பேன். "தம்பி, இடித்த கணக்கையும் எழுது, கொடுத்த கணக்கையும் எழுது. ஒரே கொப்பியிலை எழுது. ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்காதை" என்றேன். அவன் திருப்திப்பட்டானா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் திரும்பும் வழியிற் சங்கானையில் அவன் தானாகவே சைக்கிளை நிறுத்தினான். சுவரருகே போய், உதிர்ந்து கிடந்த முருகைக்கல் ஒன்றைப் பார்த்தான். நினைவுக்கு எடுத்துப்போகப் போகிறான் என்று எண்ணி, தடுக்க வாயெடுத்தேன். அவன் அதைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு வந்தான்.

நேயர்களே, நமது வலிகாமத்து வீதிகளில் இப்படிப்பட்ட கற்கள் நிறையவுண்டு. உடைத்தவர்கள் பல திறத்தவர்; காலமும் ஒரு பங்கு உடைத்தது. மிஞ்சியதை அறியாமையால் நாமே உடைக்காமல் இருந்தாற் போதும். உங்கள் வீட்டிலும் சைக்கிள் ஒன்று இருக்கும். காற்றடித்து, ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு கொப்பியும் எடுத்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் காலையிற் புறப்படுங்கள். எழுதிக்கொள்வதற்கு வழிநெடுக உண்டு.